பதினொரு மணிக் கூட்டம்

தென்காசிக்குப் போகிறவர்கள் மானூரில் இறங்குவதில்லை. மானூர் இருப்பது திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில். தென்காசிச் சாலை வேறு. சுதந்திர தினத்தன்று தென்காசிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் கிராம சபை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கிளம்பிய எனக்கு, மானூரைப் பார்க்காமல் மேற்கே போக மனம் வரவில்லை. அங்கே அம்பலநாதர் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே நாம் படித்துவிடுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட அவற்றைவிட மானூர்க் கல்வெட்டு நூறாண்டுக்கு மேல் மூத்தது. ஆனாலும் பக்கத்து ஊர்க்காரர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

ஊர்ச்சபையில் யார் உட்கார்ந்து பேசலாம் என்பதுதான் கல்வெட்டின் விஷயம். நிலத்தில் முழுப் பங்கு உடையவராக இருக்க வேண்டும். வேதமும் தருமமும் கற்றிருக்க வேண்டும். நல்லொழுக்கம் வேண்டும். எடுத்ததற்கெல்லாம் மறுப்புச் சொல்லிக் காரியத்தைத் தடுப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணைபோகிறவர்களுக்கும் ஐந்து காசு தண்டம். கூட்டத்தை ஒழுங்காக நடத்த வேண்டும் என்ற அக்கறை அந்த வரிகளில் தெரிகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே இப்படி விதி எழுதி வைத்த ஊரை மதிக்கத்தான் வேண்டும். அதே கல், அந்த நிலத்தை உழுதவர்களுக்கும் ஊரின் பெண்களுக்கும் சபையில் இடமில்லை என்பதையும் நமக்குச் சொல்லிவிடுகிறது.

இன்றைய கிராம சபைக்கு ஒரே ஒரு தகுதிதான்: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதை ஒட்டி வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன. நிலம் கேட்பதில்லை, படிப்பு கேட்பதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டியும் மாந்தோப்பு வைத்திருப்பவரும் அங்கே சமம். வரவு செலவைக் கேட்கலாம், பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்லலாம், தீர்மானம் கொண்டு வரலாம். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013இல் உச்ச நீதிமன்றம் மலை ஊர்களின் கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது. பன்னிரண்டு ஊர்கள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அவ்வளவு வலிமை உள்ள மன்றம் இது. அந்த மன்றத்துக்கு யாரால் வர முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதை நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மானூரிலிருந்து தென்காசிச் சாலைக்கு வந்து மேற்கே போனால் காற்றாலைகள், பிறகு ஆலங்குளம், பிறகு பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தை. சந்தைக்குப் பேர்போன ஊர்தான். நான் பார்க்க விரும்பியது சந்தையை அடுத்த தெருக்களின் திண்ணைகளை. இந்த வட்டாரம் முழுக்கப் பெண்களின் கைத்தொழில் பீடி. மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும், கை அதன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பேச்சுக் கொடுத்தாலும் கை நிற்காது.

கிராம சபைக்குப் போவீர்களா என்று கேட்டேன். நடுவயதுப் பெண் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "போகணும்னுதான் இருக்கு அண்ணாச்சி. லீவு நாளுல பிள்ளையெல்லாம் வீட்டுல கெடக்கும். சோறு பொங்கணும். விட்டுப்போன பீடியைச் சுத்தி முடிக்கணும். பதினோரு மணிக்கு எப்படி வர? சாயந்தரம் அஞ்சு மணிக்கு வைக்கச் சொல்லுங்க, தெருவே வரும்."

பக்கத்தில் இருந்த வயதான அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "போனா மட்டும் என்னளா? முன்னால நாற்காலியில ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்க. நாம பின்னால நின்னுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வரணும்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் ஆகிவிட்டது. தலைவர் நாற்காலியில் பெண் இருக்கிறார். கேட்கிற இடத்தில் உட்காரப் பெண்ணுக்கு நாற்காலி இல்லை, வர நேரமும் இல்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மார்ச் 22உம் நவம்பர் 1உம் 2022இல் சேர்க்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் காலை 11 மணி என்றுதான் அறிவிப்பு வருகிறது. அலுவலர்களுக்கு அது தோதான நேரம். கொடியேற்றிவிட்டு நேரே வந்துவிடலாம். பீடி சுற்றும் வீட்டுக்கு அது உலை கொதிக்கும் நேரம் என்பதை அறிவிப்பு எழுதுகிறவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பத்து ஊராட்சி ஒன்றியங்கள், 221 கிராம ஊராட்சிகள். 2016 அக்டோபரில் பழைய உள்ளாட்சிகளின் காலம் முடிந்த பிறகு இந்தப் பகுதி ஐந்தாண்டு காலம் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமலே கிடந்தது. மற்ற மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தபோதும் புது மாவட்டங்களுக்கு வரவில்லை. இங்கே 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. நான் போன நேரத்தில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5உடன் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்தார்கள். தென்காசியில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இருந்தார்கள். ஒரு ஊராட்சித் தலைவர் தன் ஊர் மக்கள் முன் நின்று பதில் சொல்வதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்குதான் வர வேண்டியிருந்தது.

ஊருக்குள் போவதற்கு முன் ஆய்க்குடிக்குப் போனேன். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் என்று பேசத் தொடங்கினால் தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடியைத் தாண்டிப் போக முடியாது. அங்கேதான் அமர் சேவா சங்கம் இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல், கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சொந்த ஊருக்குத் திரும்பி, உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவிக்கப்பட்ட 1981இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை வைத்தார். தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பிற்பாடு வந்து சேர்ந்தார். இன்று பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி, கிராமம் கிராமமாகப் போய்ச் செய்யும் மறுவாழ்வுப் பணி எனப் பரந்திருக்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அந்த வளாகத்தில் நடந்தால் ஒன்று உடனே உறைக்கும். யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. படி இருக்க வேண்டிய இடத்தில் சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலிகள் தம் போக்கில் போய் வருகின்றன. கையும் காலும் முடியாதவர் நடத்தும் நிறுவனம் என்பதால் இதெல்லாம் பிறகு ஒட்டவைத்ததாக இல்லை. பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண் ஒருவரிடம் அவர் ஊர்க் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "படி இல்லாத இடத்துல கூட்டம் வச்சா போதும்னு நினைக்காங்க சார். எங்க வீட்டு வாசல்ல இருந்து அந்த இடத்துக்கு யாரு கூட்டிட்டுப் போறது? தெருவுல ஓடை வெட்டிப் போட்டுருக்காங்க. அதைத் தாண்டணும். கூட்டத்துல சொல்ல வேண்டியதே அந்த ஓடையைப் பத்திதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் எல்லோரும் நுழையக்கூடியதாக மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு முடிந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டாயமில்லாத வெறும் வழிகாட்டுதலாக இருந்த விதியைச் செல்லாது என்று சொல்லி, மீறக் கூடாத தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. ஊராட்சி அலுவலகம் பொதுக் கட்டடம். கிராம சேவை மையமும் பொதுக் கட்டடம். இந்தப் பயணத்தில் நான் கடந்து போன ஊராட்சி அலுவலகங்களில் மூன்று நான்கு படி ஏறாமல் உள்ளே போக முடிந்தவை குறைவு.

தமிழ்நாடு அரசு ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இரண்டு சட்டங்களைத் திருத்தி, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழி செய்தது. கிராம ஊராட்சிகளில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கும், நகர்ப்புற உள்ளாட்சிகளில் 650 பேருக்கும் இதனால் இடம் கிடைக்கும் என்றார்கள். ஜூலையில் விண்ணப்பம் வாங்கினார்கள். மனமார வரவேற்கிறேன். நியமிக்கப்படும் அந்த உறுப்பினர் மன்றக் கூட்டம் நடக்கும் அறைக்குள் எப்படிப் போவார் என்பதை அந்தந்த ஊராட்சி இப்போதே யோசித்தாக வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 15. தென்காசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு ஊராட்சி. பெயர் வேண்டாம், அங்கே பார்த்தது பல ஊர்களில் நடப்பதுதான். தோரணமலைப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. சீசனின் கடைசிச் சாரல். கூட்டம் ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில். மேடையில் தலைவர், ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர், ஊராட்சிச் செயலாளர். தலைவர் முப்பது வயதுகளில் உள்ள பெண். கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அவரைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

கோரம் முக்கியம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வேண்டும். 3,000 வரை என்றால் 100. 10,000 வரை என்றால் 200. அதற்கு மேல் 300. இந்த ஊருக்கு 200. கையெழுத்து நோட்டு வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முதலிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இடம் இல்லாமல் இல்லை. ஏன் வெளியே என்றால், "உள்ள ஒண்ணும் கேக்காது" என்றார்கள்.

உண்மை. சாரல் வலுத்து தகரத்தில் விழுந்ததும் ஒலிபெருக்கி தோற்றுப்போனது. அரசு அனுப்பிய பொருள் பட்டியல் நீளமானது. குடிநீர், டெங்கு, தூய்மை, வரி, திட்டப் பயனாளிகள் என்று செயலாளர் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றின் முடிவிலும் "ஒருமனதாக" என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. காது நன்றாகக் கேட்கும் எனக்கே இந்தக் கதி. காது கேளாதவர் அந்த ஊரில் எத்தனை பேரோ, சைகை மொழி தெரிந்தவர் ஒருவரை அழைத்து வரும் வழக்கமே நம் கிராம சபைகளில் இன்னும் பிறக்கவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டியதும் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேர் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்கள். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை. அவர்கள் தெருவுக்கான குடிநீர்க் குழாய் பற்றிய பேச்சு அவர்கள் போன பிறகுதான் வந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பட்டியலில் அது அந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். முன்கூட்டி ஒருவர் நாட்காட்டியைப் பார்த்து அந்தப் பொருளை முதலில் எடுத்திருந்தால் போதும்.

வாசலில் மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஒருவர் கடைசிவரை நின்றார். இறங்கவில்லை. அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போக வேண்டும். அந்தப் பாதையில் படிகள். கையில் மனு. தெருக்குழாய்த் திண்டின் உயரத்தைக் குறைத்துத் தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஒரு பையன் மனுவை வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தான். கடைசியில் அது வாசிக்கப்பட்டது, பதிவும் ஆனது. எவ்வளவு உயரம் குறைக்க வேண்டும் என்று பற்றாளர் கேட்டபோது பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லை. "பார்த்துச் செய்வோம்" என்று முடித்தார்கள். வாசலுக்கு வந்து கேட்டிருந்தால் கையால் அளந்து காட்டியிருப்பார்.

கிராம சபையை ஒரே இடத்தில் நடத்தாமல் வார்டுகளில் மாற்றி மாற்றி நடத்த வேண்டும். மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஆட்சியர்களின் அறிவிப்பில் இது இருக்கும். நல்ல விதி. இந்த ஊரில் காலனிப் பக்கம் கூட்டம் நடந்த நினைவு யாருக்கும் இல்லை. காலனியிலிருந்து வந்த இளைஞர்கள் கொட்டகையின் பின்வரிசையில் நின்றார்கள். கேள்வி கேட்டார்கள், அதில் தயக்கமில்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வரவில்லை. காரணத்தை விளக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ள நக்கலமுத்தன்பட்டியின் தலித் ஊராட்சித் தலைவர் ஜக்கையன் 2006 நவம்பரில் கொல்லப்பட்டார். திருநெல்வேலி தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளிவந்தது. தலைவருக்கே இந்த நிலை வந்திருக்கிறது என்று தெரிந்த ஊரில், ஒரு கூலித் தொழிலாளி எழுந்து நின்று கணக்கு கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்? சாய்தளம் கட்டிவிடலாம், ஒலிபெருக்கியை மாற்றிவிடலாம். இந்தப் பயத்தைப் போக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. கூட்டத்தைக் காலனித் தெருவுக்குக் கொண்டுபோய் நடத்துவது அதற்கு முதல் அடி. வருகிறவர்கள் வரட்டும், வர மறுப்பவர்கள் யார் என்பதும் ஊருக்குத் தெரியட்டும்.

மாலையில் குற்றாலம். பேரருவியில் தண்ணீர் மிதமாக விழுந்தது. விடுமுறைக் கூட்டம் நெரிந்தது. எண்ணெய்த் தேய்ப்புக் கடைகள், மங்குஸ்தான், நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் எப்போதும் போல. குளித்துவிட்டுச் சித்திர சபைக்குப் போய் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்து, கடைக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வாகனக் காப்பகம், கடை ஏலம், கழிப்பறை, தெருவிளக்கு எல்லாம் பேரூராட்சி முடிவு. லட்சக்கணக்கான பேர் வந்து போகும் ஊரில் அங்கேயே குடியிருப்பவர்கள் மிகக் குறைவு; ஊரின் ஒவ்வொரு முடிவும் அவர்கள் வாசலில்தான் வந்து விழுகிறது. ஆனால் குற்றாலம் பேரூராட்சி என்பதால் கிராம சபை கிடையாது. இலஞ்சிக்கும் மேலகரத்துக்கும் ஆய்க்குடிக்கும் அப்படித்தான். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல்தான் விதிகள் வந்தன. "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றுதான் கடைக்காரர் என்னைக் கேட்டார்.

பழைய குற்றாலம் அருவி ஆயிரப்பேரி ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கே கிராம சபை உண்டு. 2024 மே 17 அன்று அந்த அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதன் பிறகு அருவியை வனத்துறை வசம் ஒப்படைக்கும் பேச்சு எழுந்தது. உள்ளூரில் எதிர்ப்பும் கிளம்பியது. அருவிக் கரையில் எச்சரிக்கைச் சங்கு எங்கே வைக்க வேண்டும், எந்த நேரத்தில் வழியை அடைக்க வேண்டும் என்பதை அங்கே கடை வைத்திருப்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் நன்றாகவே சொல்வார்கள். சீசன் நேரத்தில் வரும் ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு அவர்களால் கடையை மூடிவிட்டு வர முடியாது. அன்றைக்குத்தானே வியாபாரம்?

அடுத்த நாள் செங்கோட்டை. திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பொறித்த பழைய வளைவைத் தாண்டி, புளியரை வழியாக மலை ஏறினால் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கத்து மாநிலத்தில்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கிராம சபையின் அமைப்பே வேறு. கேரளச் சட்டத்தில் ஊராட்சியின் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். பத்து சதவீதம் பேர் வந்தால் கோரம். நடந்து போகிற தூரத்தில் கூட்டம். ஆண்டுத் திட்டம் போடும்போது மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிக் கிராம சபை, முதியோருக்குத் தனிக் கிராம சபை என்றும் கூட்டுகிறார்கள். அங்கும் ஆள் வருவதில்லை என்ற புலம்பல் உண்டு. ஆனாலும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் கண் தெரியாதவரும் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் தேவையைப் பட்டியல் போட ஒரு நாள் இருக்கிறது. இந்தப் பக்கம் பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சிக்கு மொத்தமாக ஒரே கூட்டம். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குக்கிராமத்துக் கிழவி பேருந்தில்லாத நாளில் எப்படி வருவாள்? வார்டு வாரியாக முன்கூட்டம் போட்டு, அங்கே பேசியதை கிராம சபையில் வைக்கத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. மகளிருக்கும் சிறுவருக்கும் தனிச் சபைகள் கூட்டலாம் என்று மத்திய ஊராட்சி அமைச்சகமும் சொல்லிவருகிறது.

பிற நாடுகள் எங்கேயோ போய்விட்டன. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ஊர் மன்றம் கூடினால் காது கேளாதவர் கேட்டுக்கொண்டால் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மன்றத்தின் பொறுப்பு. வேல்ஸில் 2021ஆம் ஆண்டுச் சட்டம், தொலைவில் இருந்தபடியே மன்றக் கூட்டங்களில் சேர ஏற்பாடு வேண்டும் என்கிறது. நம் ஊரிலும் கருவிகள் வருகின்றன. நான் பார்த்த கிராம சபைக்கு முதல் நாள், அதாவது ஆகஸ்ட் 14 அன்றுதான், கூட்டத்தின் ஒலிப்பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரும் 'சபாசார்' என்ற கணினிக் கருவியை மத்திய அரசு திரிபுராவில் தொடங்கி வைத்தது. பயன்படட்டும். ஒலிவாங்கி முன்னால் வந்து பேசியவரின் பேச்சைத்தான் அது எழுதும். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களின் குரலும், ஸ்கூட்டரில் நின்றவரின் குரலும் அதற்கு எட்டாது.

எனக்கு இந்தப் பயணத்தில் உறுதிப்பட்டது இதுதான். கிராம சபை யாரையும் விலக்கவில்லை என்று சட்டத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போக அரசுக்கும் ஊராட்சிக்கும் உரிமை இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்களும் நேரத்தைக் குறிக்கிறவர்களும் வரிசையாகப் பொருளை அடுக்குகிறவர்களும் யார் வருவார்கள் என்பதையும் தீர்மானித்துவிடுகிறார்கள். இவை எதற்கும் பெரிய பணம் வேண்டாம். சமதளமான பள்ளி மைதானம், நல்ல ஒலிபெருக்கி, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், பொருள் பட்டியலை மெதுவாக வாசிக்கும் ஒருவர், முடியாதவர்களை அழைத்து வர ஒரு ஆட்டோ. இவ்வளவுக்கு ஊராட்சியின் பொது நிதியே போதும்.

இதைப் படிக்கும் நீங்கள் ஊராட்சியில் இருப்பவரானால், மேலே சொன்ன ஆறு நாட்களில் அடுத்து வருவது எது என்று பாருங்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு வந்தாக வேண்டும். அதற்கும் முன்பே ஒரு மனு எழுதுங்கள். இந்த முறை எந்த வார்டில் கூட்டம், படி இல்லாத இடமா, வர முடியாதவர்களை அழைத்து வர என்ன ஏற்பாடு, காது கேளாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பகலில் வர முடியாதவர்கள் உங்கள் தெருவில் அதிகம் என்றால், ஆறு கூட்டங்களுக்கு மேல் ஒரு சிறப்புக் கூட்டத்தை மாலையில் கூட்டும்படி கேளுங்கள். அப்படிக் கூட்ட வழி உண்டு. நகரத்திலோ பேரூராட்சியிலோ இருந்தால் உங்கள் வார்டின் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டில் வெளியே வர முடியாதவர் இருந்தால் அவர் பெயரும் மனுவில் இருக்கட்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் ஊராட்சிச் செயலாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.